ஹாம் ரேடியோ: ஒரு பாடப்புத்தகமும் ஒரு கைடும்

பள்ளியில் படித்த எல்லோருக்கும் இரண்டு வகைப் புத்தகங்கள் தெரியும். ஒன்று பாடப்புத்தகம். மற்றது தேர்வுக்கு முந்தைய வாரம் கையில் எடுக்கும் கைடு. ஹாம் ரேடியோ என்கிற பொழுதுபோக்கின் வரலாற்றிலும் இந்த இரண்டும் மோதிக்கொண்டன. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அரசு நடத்தும் தேர்வை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலேயே ஒரு நிலையம் வைத்து, காசு வாங்காமல் உலகத்தோடு பேசுவது. இதில் இருப்பவர்களை ஹாம்கள் என்பார்கள்.

அமெரிக்காவில் 1914-இல் ஹிராம் பெர்சி மாக்சிம் என்பவர் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஏ.ஆர்.ஆர்.எல். என்ற ஹாம் சங்கத்தைத் தொடங்கினார். ஒருவரின் அலை எட்டாத ஊருக்கு இடையில் இருக்கும் இன்னொருவர் செய்தியை வாங்கி அனுப்ப வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை யோசனை. 1915 டிசம்பரில் கியூ.எஸ்.டி. என்ற சங்கத்தின் பத்திரிகை வந்தது.

அப்போது ஹாம்களின் நிலைமை பரிதாபமானது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளங்களும் மட்டுமே பயன்படுத்தும்படி ஒதுக்கிவிட்டது. அவை எதற்கும் உதவாத அலைகள் என்று அன்றைய நிபுணர்கள் நினைத்தார்கள். 1923 நவம்பரில் ஷ்னெல், ரைனார்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள் சுமார் 110 மீட்டரில் பிரான்சில் இருந்த டெலாய் என்பவரோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பேசினார்கள். உதவாது என்று தள்ளிவிட்ட அலைதான் கடல் தாண்டியது!

இந்தப் புதிய அலைகளுக்கு ஏற்ற கருவியைக் கடையில் வாங்க முடியாது, நாமே செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று பத்திரிகையில் துண்டு துண்டாக வந்தது. புதிதாக வருபவன் பழைய இதழ்களை எங்கே போய்த் தேடுவான்? ஏ.ஆர்.ஆர்.எல். அலுவலகத்தில் இருந்த எஃப்.ஈ. ஹேண்டி எல்லாவற்றையும் சேர்த்து 1926-இல் ஒரே புத்தகமாக எழுதினார். பெயர் 'தி ரேடியோ அமெச்சூர்ஸ் ஹேண்ட்புக்'. விலை ஒரு டாலர். (ஹேண்டி எழுதிய ஹேண்ட்புக்! பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.) மின்சாரம் என்றால் என்ன என்பதிலிருந்து வால்வு, அலைபரப்பி, ஏற்பி, ஆன்டெனா வரை படிப்படியாகச் சொல்லிப் போகும். படித்தால் மட்டும் போதாது, சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்க வேண்டும்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஹாம்கள் அலைபரப்பக் கூடாது என்று தடை வந்தது. பொழுதுபோக்கே நின்றுபோனால் புத்தகமும் நிற்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. ராணுவத்துக்கு ரேடியோ தெரிந்த ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். 1942-இல் பயிற்சி வகுப்புகளுக்காகவே 'டிஃபென்ஸ் எடிஷன்' என்று தனிப் பதிப்பு போட்டார்கள். பிரிட்டன் சங்கமும் 1938-லேயே இதேபோல ஒரு கையேட்டைக் கொண்டுவந்திருந்தது.

இனி கைடு. அந்தக் கால உரிமத் தேர்வில் தாளில் சர்க்யூட் படம் வரைந்து காட்ட வேண்டும். பின்னர் அது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. ஆனாலும் கேள்விகள் ரகசியம். 1970-களின் பிற்பகுதியில் டிக் பாஷ் என்பவர் ஒரு வேலை செய்தார். தேர்வு எழுதிவிட்டு வெளியே வருபவர்களிடம் நினைவில் இருக்கும் கேள்விகளைக் கேட்டு வாங்கி, விடையோடு 'தி ஃபைனல் எக்ஸாம்' என்று புத்தகம் போட்டார். ஹாம் உலகம் கொதித்தது. மனப்பாடம் செய்து வருகிறவன் ஹாமா என்று பழையவர்கள் திட்டினார்கள். வாங்கியவர்களுக்கும் குறைவில்லை.

வேடிக்கை அடுத்துத்தான். 1982-இல் வந்த சட்டத்தின்படி, 1984 முதல் தேர்வு நடத்தும் பொறுப்பு தன்னார்வ ஹாம்களிடம் போனது. கேள்வித் தொகுப்பையும் விடைகளோடு பகிரங்கமாக வெளியிட்டுவிட்டார்கள். பாஷ் திருட்டுத்தனமாகச் செய்ததாகத் திட்டு வாங்கிய அதே காரியம் சட்டப்படியே நடந்தது! இன்று அங்கே முதல் நிலைத் தேர்வுக்குச் சுமார் 400 கேள்விகள் கொண்ட தொகுப்பு. அதிலிருந்து 35 வரும், 26 சரியாக இருந்தால் உரிமம்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று? ஒரு உதாரணம் பார்ப்போம். 2022-இல் வந்த தொகுப்பில் ஒரு கேள்வி: 6 மீட்டர் பட்டைக்கு அரை அலை டைபோல் ஆன்டெனா எத்தனை அங்குலம்? விடை 112. மனப்பாடக்காரனுக்கு '112' போதும். ஹேண்ட்புக் படித்தவனுக்கு 468 என்ற எண் தெரியும். அதை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஆன்டெனாவின் நீளம் அடியில் வரும். 50-ஆல் வகுத்தால் 9.36 அடி, அதாவது 112 அங்குலம். அதே ஆள் 7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கேட்டாலும் சுமார் 66 அடி என்று சொல்வான். கம்பியை ஓரிரு அடி கூடுதலாகவே வெட்டி, பிறகு குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். 112 மட்டும் தெரிந்தவன் என்ன செய்வான்?

இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அனுமதி வாங்கி அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி. வழக்கமான தொடர்புகள் அறுந்துபோக, அந்தக் குழு பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அப்படி ஒரு நாளில் கேள்வித் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் பாஷை முழு வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ரகசியத் தேர்வு என்ற பயத்தாலேயே ஒதுங்கிய எத்தனையோ பேர் அந்தக் கைடால் உள்ளே வந்திருப்பார்கள். வந்த பிறகு அவர்களும் ஆன்டெனா கட்டித்தானே ஆக வேண்டும்? அப்போது ஹேண்ட்புக்கைத்தான் தேடுவார்கள். 2023-க்கான பதிப்பு அதன் நூறாவது பதிப்பு.

நானும் இப்போது நம் ஊர் ஹாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் தேடி எடுத்தது பழைய கேள்விகளைத்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.