180 தொன் ஐஸும் சில மண்சட்டிகளும்

விடியப்புறம் மீன் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? லொறியிலிருந்து ஐஸ் பாறையை இறக்கி, சாக்கால் மூடி, ரெஜிபோம் பெட்டிக்குள் உடைத்துப் போடுவார்கள். பத்து மணி வெயிலிலும் பெட்டிக்குள் ஐஸ் கிடக்கும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் மறைவெப்பம் படிச்சனாங்கள். வரைவிலக்கணம் பாடமாக்கினோம், கணக்குச் செய்தோம், புள்ளியும் எடுத்தோம். ஆனால் அந்தப் பாடத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் எண்டு ஒருநாளும் கேட்கவில்லை. அந்தச் சம்பந்தத்துக்குள் ஒரு நீளமான வரலாறு கிடக்கிறது.

அதை கிளாஸ்கோவில் தொடங்கலாம். 1760களின் தொடக்கம். ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் உறைநிலைக்குச் சற்று மேலே குளிர்ந்த தண்ணீர், மற்றதில் அதே அளவு பனிக்கட்டி. இரண்டையும் ஒரு பெரிய மண்டபத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணித்தியாலத்தில் 7 பாகை பரனைற் சூடேறி 40 பாகைக்கு வந்தது. பனிக்கட்டி உருகி அதே 40 பாகைக்கு வர பத்தரை மணித்தியாலம் எடுத்தது. 21 மடங்கு நேரம்!

அவ்வளவு நேரமும் மண்டபத்தின் வெப்பம் பனிக்கட்டிக்குள் போய்க்கொண்டுதானே இருந்தது? ஆனால் வெப்பமானி அதைக் காட்டவில்லை. அந்த வெப்பம் திண்மத்தைத் திரவமாக்குவதிலேயே செலவாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டதால்தான் அதற்கு மறைவெப்பம் எண்டு பெயர். இன்றைய கணக்கில் 1 கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 334 யூல் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு, உருகி வந்த அந்தத் தண்ணீரை 0 பாகை செல்சியசிலிருந்து கிட்டத்தட்ட 80 பாகை வரை சூடாக்கலாம். பனிக்கட்டி லேசில் உருகாது எண்டது இதுதான்.

இந்த விசயத்தைக் காசாக்கினவர் ஒரு வியாபாரி. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து பிரெடெரிக் டியூடர். 1806இல், பனிக்காலத்தில் குளங்களில் உறைந்த ஐஸை வெட்டி, ஏறத்தாழ 130 தொன்னைக் கப்பலில் ஏற்றி, கரிபியனிலிருக்கும் மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். ஊர் சிரித்தது. ஐஸ் போய்ச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே அதை வைக்க ஒரு களஞ்சியம் இல்லை. கண்முன்னாலேயே உருகிப்போனது. நட்டம். பிறகு கடனுக்காகச் சிறைக்கும் போய்வந்தார்.

ஆனாலும் மனுசன் விடவில்லை. வெப்பம் உள்ளே வருகிற வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார். இரட்டைச் சுவர் வைத்த களஞ்சியம். இடைவெளியை நிரப்ப மர ஆலைகள் கழிவாக எறிந்த மரத்தூள். மரத்தூளுக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. அசைய இடமில்லாததால் மேற்காவுகையும் நடக்காது. இன்று ரெஜிபோம் பெட்டி செய்கிற வேலையும் இதேதான். 1820களில் நதானியேல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியைக் கொண்டுவந்தார். பாறைகள் ஒரே அளவான சதுரங்களாக வந்தன. சதுரங்களை இடைவெளி விடாமல் அடுக்கலாம். அடுக்கு பெரிதாகப் பெரிதாக, அதன் கனவளவோடு ஒப்பிடும்போது வெப்பம் உள்ளே நுழையும் மேற்பரப்பு குறைந்துகொண்டே போகும்.

1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 தொன் ஐஸோடு பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு தரம் கடக்க வேண்டும். செப்டெம்பரில் கல்கத்தாவுக்கு வந்தபோது ஏறத்தாழ 100 தொன் மிச்சம் இருந்தது! கொம்பனி அதிகாரிகள் சுங்கவரியை விட்டுக்கொடுத்தார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் ஐஸ் களஞ்சியங்கள் எழும்பின. சென்னையில் 1840களில் கட்டப்பட்டது இன்றும் கடற்கரையில் நிற்கிறது. பிற்காலத்தில் 1897இல் விவேகானந்தர் தங்கியதால் அது இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பகுதியைச் சனம் இன்னும் ஐஸ் ஹவுஸ் எண்டுதான் சொல்கிறது.

இவ்வளவும் கேட்க ஒரு வெற்றிக்கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் யாருக்காக இந்த ஐஸ்? பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும். அதை வெட்டினது யார்? 1846-47 பனிக்காலத்தில் தன் குடிசைக்கு முன்னால் வோல்டன் குளத்தை நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் வந்து வெட்டினதை எழுத்தாளர் தோரோ பதிவு செய்திருக்கிறார். அவர்களின் பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

இன்னொரு விசயமும் இருக்கிறது. டியூடரின் ஐஸ் வருவதற்கு முதலே வங்காளத்தில் ஐஸ் செய்தார்கள். இயந்திரம் இல்லாமல், குளத்துத் தண்ணீர் ஒருக்காலும் உறையாத ஊரில்! திறந்த வெளியில் ஆழமில்லாத குழி வெட்டி, கரும்புச் சக்கை அல்லது காய்ந்த சோளத்தண்டைப் பரப்பி, அதன்மேல் சின்னச் சின்ன மண்சட்டிகளில் பொழுதுபடத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். முகில் இல்லாத பனிக்கால இரவில், விடிவதற்குள் தண்ணீரில் ஐஸ் பிடிக்கும். ரொபேர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து எழுதினார். லண்டன் ரோயல் சொசைட்டி அதை 1775இல் வெளியிட்டது.

காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருக்க, தண்ணீர் எப்பிடி உறையும்? தண்ணீர் ஆவியாவதால்தான் எண்டு பலர் நினைத்தார்கள். 1814இல் பனித்துளி பற்றி ஆராய்ந்த வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் வேறு விளக்கம் சொன்னார்: தெளிந்த வானத்தை நோக்கித் தண்ணீர் தன் வெப்பத்தைக் கதிர்வீசலால் இழக்கிறது, கீழே பரப்பின சக்கை நிலத்தின் வெப்பம் சட்டிக்கு ஏறாமல் தடுக்கிறது. கதிர்வீசலும் கடத்தலும் ஒரே மண்சட்டியில். அந்த விளக்கத்தோடு வெல்ஸின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. இரவிரவாகக் குளிருக்குள் சட்டி அடுக்கின ஆட்களின் பெயர் இல்லை. பிறகு அவர்களின் ஐஸை அமெரிக்க ஐஸ் சந்தையிலிருந்து தள்ளியது. அமெரிக்க ஐஸை 1870களின் பின் இயந்திர ஐஸ் தள்ளியது. அந்த இயந்திரமும் மறைவெப்பத்தில்தான் ஓடுகிறது. திரவம் வாயுவாகும்போது பக்கத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சும், அவ்வளவுதான்.

வெல்ஸையோ பிளாக்கையோ நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. 'ஏன்' எண்டு கேட்டு, அளந்து, எழுதி வைத்தது பெரிய வேலை. ஆனால் ஒரு வேலையைச் செய்யத் தெரிந்திருப்பதும் அறிவுதான். அந்த அறிவை ஆரும் எழுதி வைக்காட்டில், அது இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. எங்கட வீடுகளில் பானையைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினவர்களும், ஐஸை உமிக்குள் புதைத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை சந்தைக்குப் போனால் அந்த ஐஸ் பெட்டிக்காரரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள், இதை எப்பிடிப் பழகினீங்கள் அண்ணை எண்டு. அவர் சொல்வதை எழுதியும் வையுங்கள்.