காஞ்சிபுரம் கோயில் தூண்களில் பாயும் குதிரைகள்: தமிழ்நாட்டுக்கு என்று சொந்தமாக ஒரு குதிரை இனம் இருக்கிறதா?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் அப்படியே வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு எட்டு போய் வருவது வழக்கம். அங்கே நூற்றுக்கால் மண்டபத்தின் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். (பெயர்தான் நூற்றுக்கால், இருப்பது 96 தூண்கள்.) விஜயநகர காலத்துச் சிற்பங்கள். குதிரை, மேலே வீரன், கையில் ஆயுதம் என்று தூணுக்குத் தூண் அசத்தியிருக்கிறார்கள்.

குதிரையை இவ்வளவு கொண்டாடிய ஊரில், காங்கேயம் காளை போல, ராஜபாளையம் நாய் போல, "இது எங்கள் குதிரை" என்று சொல்ல ஒரு நாட்டு இனம் இருக்க வேண்டும்தானே?

இல்லை என்பதுதான் பதில். ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம்தான் நாட்டு இனங்களைப் பதிவு செய்கிறது. மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி, ஸ்பிட்டி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி என்று 7 குதிரை இனங்கள் அதில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு மகாராஷ்டிராவின் பீம்தடி எட்டாவதாகச் சேர்ந்தது. அந்த எட்டில் தமிழ்நாட்டுக் குதிரை ஒன்றுகூட கிடையாது.

இவற்றில் பல, மட்டக்குதிரைகள். அதாவது குட்டையான ஜாதி. தோள்பட்டை வரை சுமார் 147 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக மட்டக்குதிரை என்பார்கள். ஆளைப் பார்த்து எடை போட வேண்டாம். மலைப்பாதையில் மூட்டை சுமப்பதும், கரடுமுரடான நிலத்தில் நாள் முழுக்க நடப்பதும் இவற்றுக்குத்தான் கைவந்த கலை.

கப்பலில் வந்த குதிரைகள்

தமிழ்நாட்டில் ஏன் இல்லை? இதற்கான முதல் சாட்சியும் காஞ்சிபுரம்தான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுகிறது பெரும்பாணாற்றுப்படை. அதில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. வெள்ளைப் பிடரி கொண்ட குதிரைகளை, வடக்கத்திப் பொருட்களோடு சேர்த்து, கப்பல்கள் அங்கே கொண்டு வந்து சேர்த்ததைப் புலவர் சொல்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கும் குதிரை கடல் வழியாகத்தான் வருகிறது. இரண்டையும் பாடியவர் ஒருவரே, கடியலூர் உருத்திரங்கண்ணனார். ஆக, சங்க காலத்திலேயே நல்ல குதிரை என்றால் அது இறக்குமதிச் சரக்கு.

பாண்டிய நாட்டிலும் இதே கதை. மாணிக்கவாசகரைக் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்பினான் பாண்டியன், கடைசியில் நரிகள் பரிகளாகி வந்தன என்ற திருவிளையாடல் நமக்குத் தெரியும். புராணத்தை விட்டுவிட்டாலும், கருவூலத்திலிருந்து பெரும்பணத்தை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்க் குதிரை வாங்குவது அன்று சாதாரணமான அரசு வேலை என்பது புரிகிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ கணக்கே கொடுக்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, சோறும் இறைச்சியும் கலந்து போடுகிறார்கள், இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணலாகப் பிறக்கின்றன என்றெல்லாம் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தும் ஆள்தான். ஆனால் அவர் சொல்லும் இன்னொரு விஷயம் யோசிக்க வைக்கிறது. குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

வெயிலும் ஈரக்காற்றும் சத்துக் குறைந்த மேய்ச்சலும் அரபுக் குதிரைக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராததையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்ததால், உள்ளூரில் ஓர் இனத்தை உருவாக்க யாருக்கும் அவசரம் வரவில்லை.

அப்போ ஜட்கா வண்டியை இழுத்தது எது?

நியாயமான கேள்வி. விஜயநகரத்தில் 16ஆம் நூற்றாண்டில் இருந்த போர்ச்சுக்கீசியர் பெர்னாவ் நூனிஸ், மன்னர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கியதாக எழுதும்போது, ஓர்முஸ் குதிரைகளோடு நாட்டுக் குதிரைகளையும் சேர்த்தே சொல்கிறார். ஆக, உள்நாட்டில் பிறந்து வளர்ந்த குதிரைகளும் இருந்தன. அரசனின் பட்டியலில் அவற்றுக்கு மரியாதை குறைவு, அவ்வளவுதான்.

பிற்காலத்தில் ரயிலடியில் இறங்கியவர்களைக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொண்டுபோய் விட்ட ஜட்கா வண்டிகளை இழுத்ததும் இந்த மாதிரி நாட்டு மட்டங்கள்தான். கொள்ளும் புல்லும் தின்று, தார் ரோட்டில் லாடம் தேய ஓடியவை. ஆட்டோ வந்ததும் ஜட்கா போனது, ஜட்காவோடு மட்டமும் போனது. இனம் என்ற பெயர் கிடைக்காததால், அழிந்துவருகிறது என்ற அறிவிப்புகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. இன்று ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போனால், கூட்டம் கூடி நிற்பது உயரமான மார்வாரி, கத்தியவாரி குதிரைகளைச் சுற்றித்தான்.

பெயர் கிடைத்தால் பிழைத்துவிடுமா?

பீம்தடிக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. தக்காணத்து மட்டக்குதிரை இது. பீமா நதிக்கரையின் பெயர் இதற்கு. மராத்தியர்களின் குதிரைப்படை பெரிதும் நம்பியிருந்தது இந்த ஜாதியைத்தான். 1677ல் சிவாஜி செஞ்சிக் கோட்டை வரை வந்ததை நினைத்தால், நமக்கு ரொம்ப அந்நியமான குதிரை இல்லை. படைகள் கலைந்த பிறகும் இது பிழைத்ததற்குக் காரணம் தங்கர் சமூகத்து ஆட்டிடையர்கள். ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போகும்போது பாத்திரம், படுக்கை, குட்டி ஆடு எல்லாவற்றையும் சுமக்க அவர்களுக்குக் குதிரை தேவை. வேலை இருந்தது, இனம் இருந்தது. ஆவணம் பிறகுதான் வந்தது.

மணிப்பூரி குதிரையின் கதை தலைகீழ். பெயரும் புகழும் ஏராளம், இடம்தான் இல்லை. 11 முதல் 13 கை உயரம், அதாவது அதிகபட்சம் 132 சென்டிமீட்டர்தான். 'சகோல் காங்ஜெய்' என்ற உள்ளூர் விளையாட்டை இதன் மேல் அமர்ந்துதான் ஆடினார்கள். அதைப் பார்த்துக் கற்ற ஆங்கிலேயர்கள் 1859ல் சில்சாரில் கிளப் தொடங்க, அது போலோவாக உலகம் முழுக்கப் பரவியது. உலகப் பணக்காரர்களின் விளையாட்டுக்கு மூலம் இந்தக் குட்டைக் குதிரைதான்.

2003ல் 1,898 ஆக இருந்த எண்ணிக்கை, 2012 கணக்கெடுப்பில் 1,101 ஆனது. 2013ல் மாநில அரசு இதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. 2016ல் பாதுகாப்புக் கொள்கை வந்தது. 2019ல் எண்ணிக்கை 1,089. சரிவு மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. 2023 ஜனவரியில் இம்பால் அருகே குதிரை மேல் அமர்ந்த போலோ வீரருக்கு 122 அடி சிலை திறந்தார்கள். சிலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமையாளர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மேய விடுவது அங்கே வழக்கம். லாம்பெல்பட் போன்ற சதுப்பு நிலங்கள்தான் மேய்ச்சல் காடு. அவை கட்டடங்களாகச் சுருங்க, குதிரைகள் நகரத் தெருவுக்கு வந்து குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக்கைத் தின்கின்றன, வண்டிகளில் அடிபடுகின்றன.

கோடியக்கரையில் மிச்சம் இருப்பவை

தமிழ்நாட்டில் நாட்டு மட்டங்களைச் சுதந்திரமாகப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும். 1967ல் அமைக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தில், மனிதரிடமிருந்து விலகிக் காட்டுக்குப் பழகிய குதிரைகள் கூட்டமாக மேய்கின்றன. சிக்கல் என்னவென்றால், சரணாலயம் வெளிமான்களுக்கானது. இரண்டும் தின்பது ஒரே புல்லை. அதனால் அங்கே குதிரை ஒரு பாரம்பரியமாக அல்ல, வெளிமானின் போட்டியாளராகத்தான் பார்க்கப்படுகிறது.

இவற்றை ஓர் இனமாகப் பதிவு செய்ய முடியுமா? பூர்வீகப் பகுதி எது, எத்தனை இருக்கின்றன, உடல் அளவுகள் என்ன, மரபணுவில் மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகின்றன என்று காட்ட வேண்டும். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஆட்டுக்கு 'மெட்ராஸ் ரெட்' என்ற பதிவு இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. குதிரைக்கு அந்தப் பதிவு இல்லாததால், கால்நடைக் கணக்கெடுப்புக்கு வருபவர் தமிழ்நாட்டு மட்டத்தைப் பார்த்தால், எந்த இனத்தையும் சேராதவை என்ற பிரிவில்தான் எழுதிக்கொண்டு போவார்.