பாலைநிலத்து எசேனியர்

சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரான் என்னும் பாழடைந்த குடியிருப்பு உள்ளது. 1947-ஆம் ஆண்டளவில் ஆட்டிடையர்கள் அதன் அருகே ஒரு குகையில், மண்சாடிகளுக்குள் தோற்சுருள்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று 66 அதிகாரங்களும் அடங்கிய இசையாஸ் ஆகமம். பின்னர் மொத்தம் 11 குகைகளில் ஏடுகள் கிடைத்தன. 1951 முதல் 1956 வரை அங்கு அகழ்வாய்வு நடத்தியவர் சாமிநாதர் சபைக் குருவாகிய ரோலண்ட் தெ வோ.

அங்கு வாழ்ந்தோர் எசேனியர் என்பதே அறிஞர் பலரின் கருத்து. யெருசலேம் ஆலயக் குருத்துவம் கறைபட்டுவிட்டதெனக் கருதியோர் இவர்கள். புதிதாகச் சேர வருவோர்க்கு மூன்றாண்டு பயிற்சி உண்டு. உடைமை பொது, உணவும் பொது. உண்ணுமுன் குளிர்ந்த நீரில் நீராடுவர். தம்மை 'ஒளியின் மக்கள்' என்றழைத்து, இறுதிப் போரை எதிர்பார்த்திருந்தனர். கி.பி. 68-இல் உரோமைப் படை கும்ரானை அழித்தது.

ஸ்நாபக அருளப்பர் இவர்களைச் சேர்ந்தவரா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. அதற்குச் சான்றில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிப்போம். ஓய்வுநாளில் குழியில் விழுந்த கால்நடையைத் தூக்கிவிடலாகாது என்பது அச்சுருள்களில் காணும் சட்டம். நம் ஆண்டவரோ, அந்நாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவன் உண்டோ என வினவினார். அவர்கள் இருளின் மக்களைப் பகைக்கக் கற்பித்தனர். ஆண்டவர் பகைவரையும் நேசிக்கச் சொன்னார்.

அன்னாரின் செபமும் பொதுவாழ்வும் நமக்குப் பாடமாகட்டும். பிறரை ஒதுக்கும் மனம் நமக்கு வேண்டாம்.