காரைக்காலில் எழுதிய ஒப்பந்தம்

1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்ததும் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பாடு வந்தது. அதை ஈடுகட்ட ஆள் ஏற்றிய துறைமுகங்களில் ஒன்று, 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால். ஊரோ சிறிது, சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சியின் தஞ்சை மாவட்டம். மேஸ்திரிகள் எல்லைக்கு அப்பாலிருந்தும் ஆள் பிடித்து வந்து டிப்போவில் சேர்ப்பார்கள். அங்கிருந்து படகில் ஏற்றி, கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். 1861 ஜூலை 1-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு கொடுத்தது. ஒப்பந்தம் 5 ஆண்டு. வாரத்துக்கு 6 நாள், நாளொன்றுக்கு 9½ மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம். போகிறவர் மனமொப்பித்தான் போகிறாரா என்று விசாரிக்கத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் முகவரும் இருந்தார். அந்தக் காலத்து இந்தியக் கூலிக்காரர் பலருக்கு உள்ளூரில் இவ்வளவு எழுத்துப் பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் போன இடத்தில் அது உதவவில்லை.

காரணம், விசாரணை எல்லாம் காரைக்காலில் நடந்தது, வேலையோ ரியூனியனிலும் மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10 பிராங்க் என்பது வழக்கமான கூலி. ஆனால் மாதம் என்றால் நாள்காட்டி மாதம் இல்லை. உண்மையில் வேலை செய்த 26 நாள். வராத நாள் கழிக்கப்பட்டது. அதை ஈடுசெய்ய ஒப்பந்தமும் நீண்டது. வந்த நாள் எது, வராத நாள் எது என்று எழுதிய பேரேடு தோட்டக்காரர் கையில் இருந்தது. முறையிட அதிகாரியிடம் போகலாம்தான். ஆனால் அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தைத் தாண்டியவர் நாடோடி என்று பிடிபடும் அபாயம் இருந்தது. ரியூனியன் நிலைமையை ஆராய 1877-இல் பிரிட்டிஷ் தரப்பில் கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுத் தரப்பில் மியோ இருவரையும் கொண்ட கூட்டு ஆணையம் போனது. 1882-இல் ரியூனியனுக்கும் 1888-இல் மார்த்தினிக், குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது. உடன்படிக்கை கையெழுத்தாகி அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

தூரமே கேடு என்று இதிலிருந்து முடிவுகட்டினால், சைகோனுக்குப் போன காரைக்கால்காரர்கள் மறுத்துவிடுவார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களில் பலர் இந்தோசீனாவில் சுங்கம், காவல், வரிவசூல் வேலைகளில் அமர்ந்தார்கள். அவர்களும் குடும்பத்தை விட்டுக் கடல் கடந்தவர்கள்தான். ஆனால் பிரெஞ்சுக் குடிமகன் என்ற உரிமை அவர்களோடு கப்பலேறியது. சம்பளத்திலோ விடுப்பிலோ வெள்ளையரைவிடக் குறைத்தால் அங்கேயே எதிர்த்து வழக்காட முடிந்தது, வாக்கும் இருந்தது. பிரெஞ்சு ஓய்வூதியம் இன்றைக்கும் காரைக்கால் வீடுகளுக்கு வருகிறது. ஒரே கடற்கரையிலிருந்து கிளம்பிய இரு சாராரின் கதியை நிர்ணயித்தது தூரம் அல்ல, வேலை செய்யும் இடத்தில் செல்லுபடியாகும் உரிமைதான் என்பது என் முடிவு.

இதே அளவுகோல் இன்று வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். வறுமையில் கைநாட்டு வைத்தவரையும், விரும்பி வீட்டில் கணினி முன் அமர்ந்தவரையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சவுக்கு இன்று இல்லை. வேலையை உதறிவிட்டுப் போகலாம். பேருந்து நெரிசல் மிச்சம், சிறு பிள்ளைக்காரிக்கு வேலை தொடர வழி. மறுக்கவில்லை. ஆனால் சம்மதம் காரைக்காலிலும் கேட்கப்பட்டது. இடறியது சம்மதத்துக்குப் பிறகுதான். இன்றும் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை நிறுவனத்தின் மென்பொருளே எழுதுகிறது. உணவு கொண்டுபோகும் இளைஞரின் கணக்கைச் செயலியே வைத்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. தொழிற்சாலைக்குள் நுழையும் ஆய்வாளர் படுக்கையறைக்குள் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஆகவே வேலை நேரப் பதிவேட்டின் நகல் தொழிலாளியிடமும் தொழிலாளர் துறையிடமும் இருந்தாக வேண்டும். வீட்டில் செய்யும் வேலைக்கும் ஆய்வு முறை வேண்டும் என்கிற 177-ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இலேயே நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.