கொன்னக்கோல்

கர்நாடக இசையில் தாளச் சொற்கட்டுகளை வாயாலேயே வாசிக்கும் கலை. ஒரு கை தாளம் போட, நாக்கு மிருதங்கமாகிறது. தகிட (திஸ்ரம், 3), தகதிமி (சதுஸ்ரம், 4), தகதகிட (கண்டம், 5) போன்ற சொற்களே இதன் கச்சாப் பொருள். ஐந்தெழுத்து ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை வந்து, தாளச் சுற்றின் தொடக்கமான சமத்தில் விழும்போது சபை தானாகக் கை தட்டும். மிருதங்கம் பயில்வோர் தோலைத் தொடுமுன் சொல்லிப் பழகும் பாடமும் இதுவே. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை இதில் பெயர் பெற்றவர். கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கடம், கஞ்சிராவோடு சரிக்குச் சரி நின்ற கொன்னக்கோல் பின்னர் மேடைகளில் அருகியது. அது நமக்கு நஷ்டம்தான். ஆனாலும் ‘சக்தி’ இசைக்குழுவின் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் போன்றோரால் மேலை ஜாஸ் இசைஞர்களும் இதைக் கற்கிறார்கள்.