இடமறிந்து எடுத்த படங்கள்: இயற்கை ஒளிப்படக்கலையின் தொடக்க காலம்

எந்த உயிரைப் படமெடுப்பது, அதைச் சட்டகத்தின் எப்பகுதியில் நிறுத்துவது என்னும் இரு கேள்விகளும் இயற்கை ஒளிப்படக்கலையில் தொடக்கம் முதலே பிரிக்க முடியாதவையாக இருந்துள்ளன. அவற்றுக்கான முதல் விடைகளை அழகியல் கோட்பாடுகளைவிடக் கருவிகளின் எல்லைகளே பெரிதும் தீர்மானித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒளியுணர் வேதிப்பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளே படச்சுருளின் இடத்தில் பயன்பட்டன. அவற்றில் அசையும் உயிர்கள் எளிதில் மங்கிப்போயின என்பதால், இடம்விட்டு நகராத பறவைக்கூடு இயல்பாகவே முதன்மைப் பொருளாயிற்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் வட்டாரத்தில் பிறந்து லண்டன் பதிப்பகமொன்றில் பணியாற்றிய ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் பூங்குருவி ஒன்றின் கூட்டை முட்டைகளோடு படமெடுத்தனர். முட்டைகளின் நீல நிறம் கறுப்பு வெள்ளைப் படத்தில் மறைந்துவிடும் ஆதலால், சேறு பூசி மெழுகிய உட்புறத்தின் வழவழப்பும் முட்டைமேல் உள்ள கரும்புள்ளிகளும் சுற்றியுள்ள கிளைகளும் வேறுபட்டுத் தெரியும்படி ஒளியையும் கோணத்தையும் தேர்வதே இத்தகைய படங்களின் நுட்பமாக இருந்தது. கூச்சமுள்ள பறவைகளை நெருங்க, மரச்சட்டத்தின் மீது மாட்டுத்தோலைப் போர்த்தி அதனுள் மறைந்திருக்கும் உத்தியையும் அவர்கள் கையாண்டனர்.

இந்தியாவில், வனத்துறை அதிகாரியான எஃப்.டபிள்யூ. சாம்பியன் விலங்கறியாமல் மறைவாகப் படமெடுக்கும் முறையை வேறு திசையில் வளர்த்தார். புலி வழக்கமாக நடக்கும் தடத்தின் குறுக்கே அவர் மெல்லிய கம்பியைக் கட்டினார். விலங்கின் கால் அதில் பட்டதும் திடீர் ஒளி பாய்ந்து படம் பதிவாகும். படம் பதிவாகும் கணத்தில் கேமராவின் அருகே மனிதர் இல்லாமையால், கேமராவின் உயரம், தொலைவு, பின்னணி ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. காலடித் தடங்களைப் படிக்கத் தெரியாதவருக்கு அது கைகூடாது. அவருடைய புலிப்படங்கள் இடம்பெற்ற நூல் 1927-இல் வெளிவந்தது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) இந்த மரபைத் தமிழ்நாட்டில் தம் வழியில் தொடர்ந்தவர். நடந்தும் யானைமேல் ஏறியும் காடுகளில் உலவிய அவர், வண்ணப்படம் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே போற்றினார். நிறத்தின் கவர்ச்சி விலகும்போது உடலின் வடிவமும் தோலின் தன்மையும் வாழிடமும் முன்னுக்கு வருகின்றன. காட்டு விலங்குகளோடு அணில், காகம் போன்ற அண்டை உயிர்களையும் அவர் ஊன்றிக் கவனித்து எழுதினார்.

தொலைநோக்கு லென்ஸ்கள் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின், விலங்கின் முகத்தால் சட்டகத்தை நிரப்புவது ஆர்வலர்களிடையே வழக்கமாயிற்று. அதனால் நெருக்கம் கூடியது, ஆனால் அவ்வுயிர் வாழும் இடம் பல படங்களிலிருந்து வெளியேறியது. இவ்வரலாற்றை நோக்கின், நல்ல காட்சியமைப்பு லென்ஸின் வலிமையைவிட, உயிரின் நடமாட்டத்தை அறிந்து இடத்தை முதலில் தேர்ந்த பழக்கத்துக்கே கூடுதலாகக் கடன்பட்டுள்ளது எனலாம்.