முதல் நாளின் வரலாறு

வரலாறு என்றதும் முடிபுனைந்த மன்னரும் அவர்கள் பொருத களங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. தொட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. நோயுற்ற குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த பின்னரும், ஓரிரு நாளுக்குள் அது உயிர் துறப்பது ஏன்? மருத்துவமனைகளில் நிகழும் குழந்தை மரணங்களுள் பல, சேர்க்கப்பட்ட முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நிகழ்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் காரணங்களை மாந்தர் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாற்றையே இன்று நான் உங்களுக்குக் கூறப் போகிறேன்.

குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை 1802இல் பாரிஸ் நகரில் தோன்றியது. லண்டன் மாநகரில் 1852இல் பத்துக் கட்டில்களோடு மற்றொன்று தொடங்கப்பெற்றது. நம் நாட்டில் பம்பாயில் வாடியா குடும்பத்தார் 1929இல் ஒன்றை நிறுவினர். கட்டடமும் கட்டிலும் இன்றியமையாதன. ஆயினும் அவை மட்டுமே போதமாட்டா என்பதைப் பின்வரும் நிகழ்ச்சிகள் உணர்த்தும்.

1971ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டது. அகதிகள் வெள்ளமென எல்லை கடந்து மேற்கு வங்காளத்துள் புகுந்தனர். எல்லையோர ஊராகிய பங்காவ் மருத்துவமனையில், வாந்திபேதி கண்டவர்கள் கட்டிலின்றித் தரையில் கிடந்தனர். பேதியினால் உடலின் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. சிறு குழந்தையின் உடலில் அவற்றின் இருப்பே குறைவு. ஆதலால் சில மணி நேரத்தில் நாடி தளர்ந்துவிடுகிறது. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்புநீரோ கையிருப்பில் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகலனோபிஸ் என்னும் குழந்தை மருத்துவர் அங்கே ஒரு துணிவான முடிவு செய்தார். சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை அளவாக நீரில் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். குளுக்கோஸ் குடலில் உறிஞ்சப்படும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்லும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். இதுவே அதன் நுட்பம். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. இன்று மருந்துக்கடைதோறும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இவ்வகையினதே.

அடுத்து நாம் கருத வேண்டியது உணவுக் குறை. தாய் மீண்டும் கருவுற்றதனால் முலைப்பால் இழந்து மெலியும் பிள்ளையைச் 'சவலை' என்று நம் முன்னோர் வழங்கினர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கா மொழியினரும், அடுத்த குழந்தை பிறந்ததும் முன்னதற்கு வரும் நோய் என்னும் பொருளில், இத்தகைய நோயைக் 'குவாஷியோர்கர்' என்றனர். சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1930களில் அப்பெயரை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். நமக்கு அண்மையிலுள்ள குன்னூரில் இயங்கிய சத்துணவு ஆராய்ச்சிக்கூடத்தில், 1950களில் சி. கோபாலன் முதலியோர் இந்நோயை ஆராய்ந்தனர். அக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறியது.

நோயை அறிந்தபின் இறப்புக் குறைந்திருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. 1950களிலிருந்து 1990கள் வரை பல நாடுகளில் வெளிவந்த கணக்குகளை 1996இல் இரு ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டனர். கடுமையான ஊட்டக்குறையோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறப்பது, அந்நெடுங்காலம் முழுதும் பெரிதும் மாறாமலே இருந்தது. தவறான சிகிச்சை முறையே அதற்குப் பெருங்காரணம் என்று அவர்கள் கண்டனர். இத்தகைய குழந்தையின் உடலில் சர்க்கரை எளிதில் குறையும். உடல் விரைவில் குளிர்ந்துவிடும். நோய்க்கிருமி உள்ளே இருந்தும் காய்ச்சல் தோன்றாமற்போகலாம். அதன் இதயம் மெலிந்திருப்பதால், மிகுதியான உப்புநீரைத் தாங்காது. சத்து மிகுந்த உணவும் இரும்புச்சத்தும் தொடக்கத்திலேயே கொடுப்பின் தீங்கு விளையும். ஆகவே, உடல் வெப்பத்தைக் காத்து, இரவும் பகலும் சிறிது சிறிதாக உணவூட்டி, கிருமிக்கு மருந்தளித்து, உடல் தேறிய பின்னரே வளர்ச்சிக்குரிய உணவைத் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் முறை வகுத்தது.

மூன்றாவது செய்தி வரிசையைப் பற்றியது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலுள்ள பிளான்டயர் நகரப் பெரிய மருத்துவமனையில், எலிசபெத் மாலினோ என்னும் மருத்துவரும் துணைவரும், முன்வந்தவர்க்கு முதலிடம் என்னும் வழக்கத்தை மாற்றினர். வாயிலிலேயே குழந்தைகளைப் பார்த்து, நிலை மோசமானதை முதலில் உள்ளே அனுப்பினர். அவசர சிகிச்சையையும் சீர்செய்தனர். நூற்றுக்கு 10 முதல் 18 வரை இருந்த இறப்பு 6 முதல் 8 ஆகக் குறைந்தது என 2006இல் அவர்கள் அறிவித்தனர்.

நம் தமிழ்நாட்டின் கணக்கைக் காண்போம். 1971இல் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 113 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். அவர்கள் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 2020இல் அவ்வெண் 13 ஆயிற்று. தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, பெண்கல்வி, சத்துணவு, 2008இல் வந்த 108 ஊர்தி எனப் பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. ஆயினும் அந்தப் பதின்மூன்றும் குழந்தைகளே.

எங்கள் அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் பனியன் தொழிற்சாலைகள். வேலைக்குச் செல்லாத நாளில் கூலி இல்லை என்னும் நிலையில் உள்ள பெற்றோர், "நாளை பார்ப்போம்" என்று எண்ணுவது இயல்பு. வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்க்கு மொழியும் தடையாகிறது. முதல் நாளில் உயிர் போகும் குழந்தைக்கு அந்த 'நாளை' மிகப் பெரிது. ஆராய்ச்சிகள் காட்டும் ஆபத்துக் காரணங்களுள் இளவயது, மெலிவு, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு காலத்தாழ்வும் ஒன்று.

வள்ளுவர், நோயாளியின் நிலையையும் நோயின் நிலையையும் கருதச் சொன்னவர், காலத்தையும் உடன் கருதச் சொன்னார். மருத்துவத்தை நான்காகப் பகுத்து, அருகிருந்து உதவுபவனையும் அதில் ஒரு பகுதியாக வைத்தார். அந்த நான்காம் இடம் உங்களுக்கும் உரியது. பால் அல்லது நீர் குடிக்க இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பியும் எழாத சோர்வு ஆகிய இந்நான்கையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இவற்றுள் ஒன்றை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் கண்டால், விடியட்டும் என்று காத்திராதீர்கள். குழந்தையை மார்போடு அணைத்து வெப்பம் காத்து, விழுங்கக்கூடுமாயின் பாலைச் சிறிது சிறிதாகப் புகட்டியவாறே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் செய்யுங்கள். மொழி அறியாத அண்டை வீட்டாராயின், உடன் சென்று அவர்களுக்காக நீங்களே பேசுங்கள்.